தேரியைக் கூப்பிட்ட கைகள்

தேரி நடக்கத் தொடங்கியபோது செரினாவுக்கு ஒன்பது மாதமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது. வாயில் இரண்டு பல், கையில் மூன்று சொல், வாய்க்கு இன்னும் ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை. மாசி மாதம், முருங்கை இலைகூட அசையாத ஒரு சாயங்காலம், அடைக்கலவிளையின் மேற்கு எல்லையில் கொல்லா என்கிற முந்திரி மரங்களைத் தலையில் சூடிக்கொண்டு எந்தக் காலத்திலிருந்தோ படுத்துக்கிடந்த அந்தச் செம்மணல் மேடு, தாயின் இடுப்பிலிருந்த பிள்ளை நாலு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி மடக்கி 'வா' என்று காட்டியதைப் பார்த்து, ஒரு சாண் முன்னால் வந்தது. ஆடிக்காற்றில் தேரி இடம் மாறுவது அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. காற்றே இல்லாமல் எப்படி வந்தது என்று யாரோ கேட்டதற்கு, அதுக்கும் ஏதாவது சோலி இருக்கும் என்று சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

பிள்ளையின் தாய் ஜெனிட்டா தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளியின் பின்வராந்தாவில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. தவக்காலத்தில் மதியம் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சிஸ்டர்கள் சட்டம் வைத்திருந்ததால், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாத ஜெனிட்டா பின்வராந்தாவுக்குப் போய், மரிய பாக்கியம் என்ற தன் வயதுப் பெண்ணிடம் கைப்பேச்சு பழகிக்கொண்டு, சட்டத்தை மீறாமலேயே நாற்பது நாளும் ஊர்க்கதை பேசித் தீர்த்தாள். அதெல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தி. பிறகு கல்யாணம் ஆகி, புருஷன் ஜெபஸ்டின் சென்னையில் மளிகைக் கடையில் நிற்க, இவள் அடைக்கலவிளையில் மேலத்தெருவின் கிழக்குக் கோடி வீட்டில் இருந்தாள். செரினா ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்தாள். அங்கன்வாடியில் கொடுத்த எடை அட்டையில் அவளுடைய புள்ளி சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை அழும். ஏன் அழுகிறது என்று தெரியாது. பசியா, வயிற்றுவலியா, எறும்பு கடித்ததா, இல்லை தனியாகக் கிடக்கிற பெண்களைப் பிடிக்கிற அந்தப் பெயரில்லாத பயம் பாலோடு சேர்ந்து பிள்ளைக்குள்ளும் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாக யோசித்து ஜெனிட்டாவும் கூடவே அழுவாள். அப்படி அழுத ஒரு நாளில்தான் மரிய பாக்கியத்தின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

முஷ்டியை மூடி மூடித் திறந்தால் 'பால்'. விரலை மடக்கினால் 'வா'. இரண்டு கை விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டினால் 'இன்னும்'. ஆறாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதம் முடிவதற்குள் செரினா மூன்றையும் பிடித்துக்கொண்டாள். நாலாவது ஒன்று உண்டு: இரண்டு கைகளையும் மார்பிலிருந்து வெளியே தள்ளி விரித்தால் 'போதும்'. அதை ஜெனிட்டா வேண்டுமென்றே விட்டுவிட்டாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடக்கிற பிள்ளைக்குப் போதும் என்று சொல்ல எந்தத் தாய் கற்றுக்கொடுப்பாள்?

இன்னொரு காரணமும் இருந்தது. அடைக்கலவிளையில் தண்ணீரிடம் யாரும் போதும் என்று சொல்வதில்லை. குடம் நிரம்பி வழிந்தால் குடத்தை நகர்த்துவார்கள். கை கழுவ ஊற்றினால் கையை இழுத்துக்கொள்வார்கள். வாய் திறக்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்த அன்று வாசலில் கால் கழுவச் செம்பிலிருந்து ஊற்றியபோது, ஜெனிட்டா பழக்கதோஷத்தில் "போதும் மைனி" என்று சொல்லிவிட, ஜெபஸ்டினின் அக்கா லூர்து செம்பைக் கீழே போட்டுவிட்டு அவள் வாயைப் பொத்தினாள். "இங்கன அந்தச் சொல்லச் சொல்லப்பிடாது ளா. ஊர்க் கெணறு பூரா உப்பு. இருக்கிறதும் கோவிச்சிட்டுப் போயிரும்."

அந்த லூர்து மைனிதான் முதலில் கண்டுபிடித்தாள். அடுத்த வீடு அவளுடையது. காலையில் டீயை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னளா ஜெனிட்டா, டீயில உப்பு போட மறந்துட்டியா?"

"டீயில யாரு மைனி உப்பு போடுவா?"

"அப்ப எங்க போச்சு நம்ம உப்பு?"

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போய் வாளியில் மொண்டு கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் இளநீர்போல இருந்தது. லூர்து இன்னொரு வாளி மொண்டாள், இன்னொரு வாளி. பிறகு கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாற்பத்தாறு வருஷமாக எதைக் குடித்தோம் என்று நினைத்துக்கொண்டவள்போல வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தேரியின் வயிற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது இப்போது தன் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலத்தெருவில் ஒவ்வொரு கிணறாக இனிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சாயங்காலமும் ஜெனிட்டா பிள்ளைக்குக் கொல்லாமரம் காட்டப் போனாள், பிள்ளை 'வா' என்றது, விரல்நுனிகளைத் தட்டி 'இன்னும்' என்றது, காலையில் தேரி முந்தின நாளைவிடப் பத்தடி கிட்டே இருந்தது. கொல்லாமரங்கள் பல்லக்கில் ஏறியவர்கள்போல நின்ற நிலையிலேயே கூட வந்தன.

பிள்ளைக்குச் சளி பிடித்து மூன்று நாள் ஜெனிட்டா வெளியே போகவில்லை. அந்த மூன்று நாளும் தேரி நகரவில்லை. நாலாம் நாள் லூர்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் அகலமாகத் திறந்திருந்தன, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"இவதான் கூப்பிடுதா. நான் பாத்தேன். நீ என்ன எழவு பாஷய இவளுக்குப் படிச்சுக் குடுத்த?"

"பசிச்சா கேக்கட்டும்னு மைனி. வேற ஒண்ணுமில்ல."

"ஊருக்கே பசிதான்," என்றாள் லூர்து.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் முழுக்கத் தெரிந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு வீட்டில் தையல் மிஷின் வந்தால் அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் கொண்டு வருவதுபோல ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் தவசிமுத்து கீழத்தெருக்காரர். எதையும் ஒழுங்கோடு செய்கிறவர். தேரி வருவதை அளக்கச் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பத்தடிக்கு ஒன்றாக நட்டார், செபமாலை முடிந்ததும் தினமும் பிள்ளையை மேற்கே கொண்டுபோக வேண்டும் என்று முறை வைத்தார், பிள்ளைக்கு வீட்டுக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை என்று பட்டியல் போட்டார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். வந்தவர் மணலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், மிச்சத்தைக் குடித்துவிட்டு, நல்ல தண்ணிதான் என்று சொல்லிப் பைக்கில் ஏறினார். செரினாவின் எடை மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்கு ஏறியது. அங்கன்வாடி டீச்சர் அட்டையை எல்லோருக்கும் காட்டினாள். எவ்வளவு ஊட்டினாலும் பிள்ளை விரல்நுனிகளைத் தட்டியது. ஜெனிட்டாவின் இடுப்பு வலித்தது. பிள்ளை முட்டையால் கனக்கிறதா, வேறு எதனாலாவது கனக்கிறதா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"என் மவ பேர் வாங்கிட்டா பாத்தியா," என்றான் ஜெபஸ்டின் போனில். பின்னால் யாரோ துவரம்பருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து எங்களக் கூட்டிட்டுப் போங்க."

"தண்ணி நல்லா வருதுன்னு இங்கன இருந்து நான் ஊருக்கு வரலாம்னு பாக்கேன், நீ இங்க வாரேங்கிற. இங்க தண்ணி லாரியில வருதுளா."

தேரி வருகிற வழியில் முதலில் இருந்தது கனகராஜ் வாத்தியார் வீடு. அவர் ஓடு பிரித்தார், கதவு நிலையைக் கழற்றினார், பீரோவைக் கீழத்தெருவில் மச்சினன் வீட்டுக்கு ஏற்றிவிட்டார். சுவர்க்கடிகாரத்தை மட்டும், ஆணி கழற்ற வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார். மணல் அவசரப்படாமல் ஜன்னல் வழியாக இறங்கி, அடுக்களையைப் பார்த்து, கட்டிலில் ஏறி, ஒரு வாரத்தில் வீட்டை நிறைத்தது. அதற்குப் பிறகும் உள்ளேயிருந்து கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் மணல்மேல் காதை வைத்துக் கேட்டு, தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார். அடுத்த வீட்டுக்காரர்களும் பிறகு அப்படியே செய்தார்கள். டீக்கடையில் கேலி நடந்தது.

"என்னவே, உம்ம வீட்டுக்கு எப்ப விருந்தாளி?"

"வார வெள்ளிக்கெழம. வெள்ளையடிக்கலாமான்னு யோசிக்கேன்."

"எதுக்கு? அது செகப்பால்லா அடிக்கும்."

நல்ல தண்ணீருக்கு ஒரு வீடு கொடுப்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. தேரி ஒரு இடத்தில் நிற்காது, வீட்டைக் கடந்து போனால் பின்பக்கமாக வீடு வெளியே வந்துவிடும், தூசு தட்டிக் குடியேறலாம் என்று தவசிமுத்து சொல்லியிருந்தார். பங்குனி பிறந்தபோது தேரியின் முதுகு வாத்தியார் வீட்டைத் தாண்டியது. ஜெனிட்டாவும் அன்று பார்க்கப் போயிருந்தாள். வீடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தரை இருந்தது. அஸ்திவாரக் கல் இல்லை, ஆணி இல்லை, தரையில் போட்டிருந்த சிமெண்டு கோலம் இல்லை, சாப்பிட்டு முடித்த தட்டை விரலால் வழித்ததுபோல இருந்தது. வாத்தியார் அந்தத் தரையில் தன் அடுக்களை இருந்த இடத்தில் போய் நின்று, அங்கிருந்து தன் படுக்கையறை இருந்த இடத்துக்கு, இல்லாத வாசல் வழியாகக் குனிந்து போனார். அவர் உயரமானவர்.

"செரிச்சிட்டு," என்றாள் லூர்து. மறுநாள் எல்லோரும் வழக்கம்போலத் தண்ணீர் எடுத்தார்கள்.

அந்த வாரம் லூர்துவின் வெள்ளாடு ஒன்று, உச்சிவெயிலில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்து போய் மணலுக்குள் இறங்கியது. கத்தவில்லை. மறுநாள் தேரி பத்தடிக்குப் பதிலாக இருபதடி வந்தது. தவசிமுத்து சுண்ணாம்புக் கல்லின் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பது அவர் முகத்தில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஜெனிட்டாவைப் பார்க்கும்போதெல்லாம் "பிள்ள நல்லா இருக்காளா தாயி" என்று மிகுந்த அன்போடு கேட்கத் தொடங்கினார்.

பிறகு தேரி நின்றது.

மேலத்தெருவை முக்கால்வாசி தின்று, ஜெனிட்டா வீட்டுக்கும் லூர்து வீட்டுக்கும் முன்னால் இருக்கிற சந்து வரைக்கும் வந்து, அங்கே நின்றது. பிள்ளை கூப்பிட்டது, வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜெனிட்டா கதவைத் திறந்தபோது, எதிரே சுவர்போல நின்ற மணலின் முகத்தில், காற்று வரைகிற வரிகள் இருந்தன. எல்லா மணலிலும் வரி இருக்கும், அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் அவள் பார்த்தாள். நாலு தடித்த வரிகள் சேர்ந்தாற்போல மேலிருந்து வந்து, பாதியில் மடங்கி, உள்நோக்கிச் சுருண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் சரிந்து வரிகள் நிமிர்ந்தன, பிறகு மறுபடியும் மடங்கின. இடுப்பிலிருந்த செரினா சிரித்தாள். இத்தனை நாள் கூப்பிட்டதற்கு யாரோ முதல்முறையாகப் பதில் பேசினால் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள். ஜெனிட்டாவுக்கு அவளை இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் நாலாவது சொல்லைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள்.

கூழ் ஊட்டி, கிண்ணத்தைத் தள்ளி, 'போதும்' என்று கையை விரித்துக் காட்டினாள். பிள்ளை விரல்நுனிகளைத் தட்டியது. முட்டை கொடுத்து, தட்டைக் கவிழ்த்து, 'போதும்' என்றாள். 'இன்னும்.' வாழைப்பழம். 'இன்னும்.' பால். 'இன்னும்.' பிள்ளையின் கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்து மார்பிலிருந்து வெளியே தள்ளித் தள்ளிக் காட்டினாள். விட்டவுடன் அந்தச் சின்ன விரல்கள் ஒன்றையொன்று தேடிப் போய்த் தட்டிக்கொண்டன. மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் லூர்து நின்றிருந்தாள்.

"அது என்ன புதுசா?"

ஜெனிட்டா கைகளை மடிக்குள் இறக்கிக்கொண்டாள்.

"எனக்கு வெளங்காதுன்னு நெனச்சியா? கூழ்க் கிண்ணத்த நகத்திட்டு கைய விரிக்கிற. வேற என்னவா இருக்கும்?" லூர்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி மறுபடியும் கரிக்க ஆரம்பிச்சிட்டு, தெரியுமா ஒனக்கு? அது நின்னா தண்ணி நிக்காது. நீ அந்தச் சொல்லச் சொல்லிக் குடுத்தா அது ஒரேயடியாப் போயிரும். அத்தன பேரு வீட்டக் குடுத்திருக்காவ."

"அது பிள்ளையக் கூப்பிடுது மைனி. மணல்ல பாத்தியளா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

லூர்து ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் கமிட்டி கூடியது. கீழத்தெருக்காரர்கள்தான் அதிகம் பேசினார்கள். அவர்கள் கிணறுகள் இன்னும் ஒரு நாளும் இனித்ததில்லை, மேலத்தெரு மட்டும் குடித்தால் போதுமா, நாங்களும் செபமாலைக்குத்தானே வருகிறோம் என்று கேட்டார்கள். போதும் என்ற சொல் வாய் தவறி வந்துவிட்டதில் எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் தவசிமுத்து தொண்டையைச் செருமினார்.

"நாம ஒண்ணும் தப்பா நினைக்கண்டாம். அது பிள்ளையக் கிட்டத்துல பாக்க ஆசப்படுது. வார குருத்தோல ஞாயித்துக்கெழம, பவனி வந்து, மணல்ல கொஞ்ச நேரம் பிள்ளைய எறக்கி வப்போம். ஒரு நிமிஷம். தாய் கிட்டயே நிக்கலாம்."

"ஆடும் ஒரு நிமிஷந்தான் போச்சு மாமா," என்றாள் ஜெனிட்டா.

"ஆடு தானாப் போச்சு தாயி. நாம ஒண்ணும் விடல்ல."

"இவளும் தானாத்தான் போவா. அதான் சொல்லுதேன்."

எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். முதல் பிள்ளை, புருஷன் ஊரில் இல்லை, பட்டணத்துப் படிப்பு, பயம் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்தப் புதுச் சொல்லைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாது என்று முடிவானது. இரண்டு பெண்கள் முறைவைத்து வந்து அவள் வீட்டில் உட்கார்ந்து குருத்தோலையில் சிலுவை பின்னினார்கள். ஜெனிட்டா கையைத் தூக்கினால் அவர்கள் பின்னுவது நின்றது. அவள் தலைமுடியைக் கோதினால்கூட நின்றது.

சனிக்கிழமை உச்சிப்பொழுதில், காவலிருந்த பெண்கள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்தில், செரினா பால் குடித்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே மணல் தெரிந்தது, அதன் முகத்தில் வரிகள் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று பிள்ளை வாயை எடுத்தாள். தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, யாரும் கையைப் பிடிக்காமல், தானாக, இரண்டு கைகளையும் மார்பிலிருந்து வெளியே தள்ளி அழகாக விரித்தாள்.

போதும்.

ஜெனிட்டாவுக்கு அழுகை வந்தது. பிள்ளையின் உள்ளங்கை இரண்டிலும் முத்தம் கொடுத்தாள். பிறப்பிலிருந்து இந்தப் பிள்ளை ஒரு தரமாவது நிறைந்திருக்கிறதே என்று நினைத்தாள். அடுத்த நொடியில், கனத்துக்கொண்டிருந்த மார்பு இரண்டும் லேசாவதை உணர்ந்தாள். வலி இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழிறங்குகிறதுபோல உள்ளுக்குள் ஏதோ இறங்கி இறங்கிப் போனது. பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. தேரிக்குச் சொன்னால் தேரி கேட்கும்போது பால் கேட்காதா என்ன?

அப்படியென்றால் இந்தச் சொல்லும் வேலை செய்கிறது. பிள்ளையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், மணலைக் காட்டி, தன் கைகளை விரித்துக் காட்டினாள். "சொல்லு கண்ணு. அதுகிட்டயும் சொல்லு." செரினா மணலைப் பார்த்தாள். மணல் விரலை மடக்கியது. செரினா தாயின் கைகளைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்திருந்தது, புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான் அவள் தலையைத் திருப்பி, விரல்நுனிகளைக் குவித்து, மெதுவாக, ஆசையாக, ஒன்றோடொன்று தட்டினாள்.

சொல்லைக் கற்றுக்கொடுக்கலாம். எது நிறைந்தது, எது நிறையவில்லை என்று பிள்ளைதான் சொல்லும். அம்மா போதும். மணல் போதவில்லை.

காவலிருந்த பெண்ணொருத்தி கண் விழித்து, "என்னளா, பிள்ள குடிச்சிட்டாளா?" என்று கேட்டாள்.

"குடிச்சிட்டா," என்றாள் ஜெனிட்டா.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காவலுக்கு இருந்த பெண்கள் உட்பட ஊரே குருத்தோலை வாங்கக் கோயில் வாசலுக்குப் போயிருந்தது. ஏழு மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளைக் கவுன் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஜெனிட்டா ஒரு கட்டைப்பையில் நாலு துணியும் பால்மாவு டப்பாவும் எடை அட்டையும் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துப் பின்கதவு வழியாக இறங்கினாள். கிணற்றடியில் லூர்து நின்றுகொண்டிருந்தாள். கையில் வாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லூர்து சத்தம் போட்டால் நூறு பேர் வருவார்கள். அவள் வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்கி," என்றாள். பிறகு, "பிள்ளைக்குத் தொப்பி வச்சியா? பஸ்ஸுல காத்து அடிக்கும்."

"வச்சிருக்கேன் மைனி."

"நான் பாக்கல்ல," என்று சொல்லிவிட்டு லூர்து திரும்பி நின்று, கிணற்றுக்குள் வாளியை இறக்கத் தொடங்கினாள். கயிறு மிக நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

முதல் பஸ் கிழக்கே பார்த்து நின்றது. ஜெனிட்டா நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "கடைசி ஸ்டாப்பு" என்றாள். அதற்கப்புறம் ரயில், அதற்கப்புறம் சென்னை, அங்கே லாரித் தண்ணீர், அங்கே மணல் இல்லை, எல்லாம் சிமெண்டு என்று மனசுக்குள் ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்ந்தது. செரினா அழவில்லை. தாயின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பின்பக்கம் பார்த்தபடி இருந்தாள். ஜெனிட்டாவுக்குப் பிள்ளையின் முகம் தெரியவில்லை, தொப்பியும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. கைகள் இரண்டும் தோளுக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தன.

கொஞ்ச தூரம் போனதும் தன் காறையெலும்பின்மேல் ஒரு சின்ன முழங்கை அசைவதை அவள் உணர்ந்தாள். அசைந்தது, நின்றது, அசைந்தது. இதில் எந்தச் சொல் என்று முழங்கையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்ளலாம், கைகளைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்கப் போனபோது பிள்ளை உடம்பை விறைத்துக்கொண்டது. முந்தைய நாள் மதியம் விரிந்த அந்த இரண்டு உள்ளங்கைகளை நினைத்து அவள் தன் கையை எடுத்துவிட்டாள். இன்னொரு தரம் அதைத் தன்னிடம் பிள்ளை சொன்னால் எதுவெல்லாம் வற்றும் என்று அவளுக்குத் தெரியாது.

பின்சீட்டில் கருவாட்டுக் கூடைகளோடு ஏறிய பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அடுத்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருத்தி சிரித்தாள்.

"ஏ, இந்தப் பிள்ளயப் பாருங்களா. என்ன அழகாக் கையக் காட்டுது. எங்களையா கண்ணு கூப்பிடுத?"

"நம்மள இல்லக்கா, வெளியில யாரையோ."

"வெளியில யாரு இருக்கா? ரோட்டுல ஒரு குஞ்சு இல்ல."

"நல்லாப் பாரு. பின்கண்ணாடியில."

கூடைகளை நகர்த்தித் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு, பயமோ ஆச்சரியமோ இல்லாத குரலில், வீட்டுக்கு வந்தவரை வாசலில் பார்த்த குரலில், ஒருத்தி "அட" என்றாள். இன்னொருத்தி, "இப்படியா கண்ணு? இப்படியா?" என்று கேட்டாள், வளையல் குலுங்கியது. இன்னொரு கை, இன்னொரு கை. சூரியன் பஸ்ஸுக்கு முன்னால், கிழக்கே, கடல்மேல் வெளுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடி வழியாக வந்து ஜெனிட்டாவின் மடியில் விழுந்த வெளிச்சமோ தேரி மணலைப்போலச் சிவப்பாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வளையல்கள் எல்லாம் ஒரே தாளத்தில், நாலு விரல் மடங்கி நிமிர்கிற தாளத்தில், ஒலித்துக்கொண்டிருந்தன.